தஞ்சை விளைச்சலும் ஆங்கில ‘நேபாபு’களும்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இந்தியாவில் பெரும்பொருள் ஈட்டித் தாயகம் மீண்ட கும்பினி ஊழியரை இங்கிலாந்து மக்கள் ‘நேபாபு’ என்று இகழ்ந்தனர். நவாபு என்னும் சொல்லின் திரிபே அஃது. 1772-இல் சாமுவேல் பூட் என்பார் அப்பெயராலேயே நகைச்சுவை நாடகம் ஒன்றை அரங்கேற்றினார். புதுச்செல்வரின் ஆரவாரமும், பாராளுமன்ற இடங்களை விலைக்கு வாங்கிய செருக்குமே பெரும்பாலும் அந்நாட்டாரை உறுத்தின. அச்செல்வம் பிறந்த வழியை நாம் ஈண்டுக் காண்போம்.

கிளைவ் 1744-இல் சென்னைக்கு வந்தபோது, கும்பினி எழுத்தர்க்கு ஆண்டூதியம் 5 பவுனே. ஆதலின் ஊதியத்தால் எவரும் செல்வராதல் இயலாது. தனி வாணிகமும் கையுறைகளும் ஒருபுறமிருக்க, சென்னையில் சிறந்து விளங்கிய வழி கடன் கொடுத்தலாகும். ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி, கும்பினிக்குத் தரவேண்டிய படைச்செலவைத் தீர்த்தற்பொருட்டு, அக்கும்பினியின் ஊழியரிடமே மிகு வட்டிக்குக் கடன் பெற்றார். அதற்கு ஈடாக நிலவரி வருவாயை எழுதிக்கொடுத்தார்.

1773-இல் கும்பினிப் படையின் துணையால் தஞ்சை நவாபின் வசமாயிற்று. அதன் விளைச்சலும் கடனுக்கு ஈடாயிற்று. 1776-இல் ஆளுநர் பிகட்டு, துளஜாஜி மன்னருக்கு நாட்டை மீட்டளித்தார். உடனே பால் பென்பீல்டு என்னும் ஊழியர், தஞ்சை வருவாயின்மீதும் பயிரின்மீதும் தமக்கு 2,30,000 பவுனுக்கு மேல் உரிமையுண்டென வழக்கிட்டார். சிற்றூதியம் பெற்ற அவர்க்கு இத்துணை முதல் ஏது என்னும் ஐயம் அன்றே எழுந்தது. எனினும் ஆட்சிக்குழுவில் பெரும்பான்மையோர் அவர் பக்கமே நின்றனர். அவர்கள் ஆளுநரையே சிறைப்படுத்தினர். 1777-இல் அவர் காவலிலேயே இறந்தார்.

நவாபின் கடன்களை ஆராயாமலே கருநாடக வருவாயினின்று தீர்க்குமாறு 1784-இல் இலண்டனிலிருந்து ஆணை பிறந்தது. 1785-இல் எட்மண்டு பர்க்கு பாராளுமன்றத்தில் இதனைக் கடிந்து பேசியும் பயன் விளைந்திலது. பென்பீல்டு தம் செல்வத்தை இழந்து 1810-இல் பாரிசில் வறியராய் இறந்தார். ஆயினும் அவர் இழந்த பொருள் தஞ்சைக்கு மீண்டிலது.

கடன் வாங்கியவர் நவாபு, கொடுத்தவர் ஊழியர். இவ்விருவர் உடன்படிக்கையிலும் உழவர்க்கு இடமில்லை. எனினும் ஈடாக நின்றது அவர்தம் நெல்லேயாம். நேபாபுகளின் ஆரவாரத்தை மட்டும் கூறி, அந்நெல்லை விளைத்தாரைக் கூறாத வரலாறு நிறைவுடையதன்று என்பதே நம் கருத்து.