பிசியோதெரபியிலிருந்து பிசிஷியன் அசிஸ்டென்ட்: ஒரு தாவலின் வரலாறு

பழங்காநத்தம் மாதிரி மதுரையின் எந்தப் பகுதிக்குப் போனாலும் பிசியோதெரபி மையம் என்ற பலகை ஒன்றாவது கண்ணில் படும். முழங்கால் வலி, கழுத்து வலி, பக்கவாதம் என்று வரிசையாக எழுதி, கீழே மாலை நேரத்தைப் போட்டிருப்பார்கள். பகலில் ஆஸ்பத்திரி வேலை, மாலையில் சொந்த மையம் என்று ஓடுகிறவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. அப்படி ஓடுகிறவர்களில் சிலருக்கு நாலைந்து வருடத்தில் ஒரு யோசனை வருகிறது: பேசாமல் பிசிஷியன் அசிஸ்டென்ட் ஆகிவிட்டால் என்ன?

பிசிஷியன் அசிஸ்டென்ட் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. டாக்டரின் மேற்பார்வையில் நோயாளியிடம் விவரம் கேட்பது, பரிசோதிப்பது, கேஸ் ஷீட் எழுதுவது, ரவுண்ட்ஸ் போவது, ஆபரேஷன் தியேட்டரில் கை கொடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. ஒரு தொழிலை விட்டு இன்னொன்றுக்குப் போவது பெரிய துணிச்சல் போலத் தெரியலாம். ஆனால் இந்த இரண்டு தொழில்களுமே, வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தடம் மாறியதால் பிறந்தவைதான்!

பிசியோதெரபியின் கதை 1894-ல் லண்டனில் தொடங்குகிறது. அப்போது மசாஜ் நிலையங்கள் என்ற பெயரில் விபசாரம் நடப்பதாகப் பெரிய சர்ச்சை கிளம்பியது. லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜெட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பாமர் என்ற நான்கு பெண்கள் சேர்ந்து, முறையாகப் பயின்ற மசாஜ் பெண்களுக்காக ஒரு சங்கத்தை ஆரம்பித்தார்கள். நால்வரும் நர்சிங் பின்னணி கொண்டவர்கள். தங்கள் தொழிலின் மானத்தைக் காப்பாற்ற வைத்த சங்கம் 1920-ல் அரச சாசனம் பெற்று, 1944-ல் பிசியோதெரபி சங்கம் என்ற பெயருக்கு மாறியது. இரண்டு உலகப் போர்களிலும் கை கால் இழந்து திரும்பிய சிப்பாய்கள்தான் இந்தத் தொழிலை வளர்த்தார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

பிசிஷியன் அசிஸ்டென்ட் கதை இதைவிட சுவாரஸ்யம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற மருத்துவப் பேராசிரியர் இருந்தார். டாக்டர்கள் போதவில்லை, அவர்களின் வேலையில் ஒரு பகுதியை வேறு யாராவது கற்றுக்கொண்டால் என்ன என்பது அவர் எண்ணம். 1950-களின் கடைசியில் தெல்மா இங்கிள்ஸ் என்ற நர்சிங் பேராசிரியையுடன் சேர்ந்து, அனுபவமுள்ள நர்ஸ்களுக்கு மேல்பயிற்சி கொடுத்துப் பார்த்தார். ஆனால் அமெரிக்க தேசிய நர்சிங் அமைப்பு அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. நர்ஸ் நர்ஸாக இருக்க வேண்டும், டாக்டர் வேலையைப் பழகக்கூடாது என்பது அன்றைய நிலைப்பாடு.

ஸ்டெட் அதோடு விடவில்லை. கப்பலிலும் போர்முனையிலும் காயத்துக்குத் தையல் போட்டுப் பழகிவிட்டு, ஊருக்குத் திரும்பியதும் எந்தச் சான்றிதழும் இல்லாமல் நின்ற முன்னாள் கடற்படை மருத்துவ உதவியாளர்கள் பக்கம் திரும்பினார். 1965-ல் நான்கு பேருடன் வகுப்பு தொடங்கியது. 1967 அக்டோபர் 6 அன்று விக்டர் ஜெர்மினோ, கென்னத் ஃபெரல், ரிச்சர்ட் ஷீல் என்ற மூவர் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சங்கமும் அந்தஸ்தும் உள்ள தொழிலிலிருந்து ஆள் எடுக்கப் போனபோது கதவு சாத்தப்பட்டது. சங்கமே இல்லாதவர்களை எடுத்தபோது யாரும் தடுக்கவில்லை!

இந்தியாவில் இப்படி ஒரு இடைநிலை ஏற்கெனவே இருந்தது. பிரிட்டிஷ் காலத்தில் எல்.எம்.பி. என்ற டிப்ளமா டாக்டர்கள் இருந்தார்கள், சிறிய ஊர்களின் வைத்தியம் அவர்களை நம்பித்தான் நடந்தது. 1946-ல் வந்த போர் குழு அறிக்கை, நாட்டுக்கு ஒரே வகை டாக்டர் போதும் என்று சொல்லிவிட்டது. குழுவிலேயே ஆறு பேர் இதை ஏற்கவில்லை. ஆனாலும் எல்.எம்.பி. படிப்பு மறைந்தது. ஏற்கெனவே முடித்தவர்களுக்குச் சுருக்கமான எம்.பி.பி.எஸ். படிப்பு வைத்தார்கள், அதாவது மேலே ஏற ஒரு படிக்கட்டு கட்டிக் கொடுத்தார்கள். இன்றைய பிசியோதெரபிஸ்ட்டுக்கு அந்தப் படிக்கட்டு இல்லை.

காலியான அந்த இடத்துக்குப் புதிய பெயரில் ஆள் வந்தது 1992-ல், சென்னையில். இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷனை 1975-ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் செய்த டாக்டர் கே.எம்.செரியன், மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பைத் தொடங்கினார். இதய ஆபரேஷனில் ஒருவர் நெஞ்சைத் திறக்கும்போது இன்னொருவர் காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்துத் தயார் செய்ய வேண்டும். அந்த இன்னொருவர் ஒவ்வொரு முறையும் ஒரு சர்ஜனாகவே இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு இந்தப் படிப்பு ஒரு பதில். செரியன் 2025 ஜனவரியில் காலமானார்.

மதுரைக்காரர்களுக்கு இந்த யோசனை புதிதே அல்ல. 1976-ல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி.வெங்கடசாமி, கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, பார்வை சோதனை முதல் தியேட்டர் உதவி வரை ஒப்படைத்தார். சர்ஜன் கத்தியைப் பிடிக்கும் வேலையை மட்டும் செய்தால் போதும். பிசிஷியன் அசிஸ்டென்ட் என்ற பெயர் மட்டும்தான் அங்கே இல்லை. (வெங்கடசாமியே தடம் மாறியவர்தான். மகப்பேறு மருத்துவராக நினைத்தவரை முடக்குவாதம் பிடித்து விரல்களைக் கோணலாக்கியது. அதே விரல்களைப் பழக்கித்தான் கண் ஆபரேஷன் செய்தார்.)

சரி, தாவ நினைப்பவரின் கணக்கு என்ன? பல காலமாக பி.பி.டி. நாலரை வருடப் படிப்பாக இருந்தது. பிசிஷியன் அசிஸ்டென்ட் மூன்று வருடம், அதோடு ஒரு வருடம் பயிற்சி. முதல் வருடத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். உடற்கூறியல் மறுபடி, உடலியங்கியல் மறுபடி! இரண்டையும் கூட்டினால் எட்டரை வருடம், எம்.பி.பி.எஸ்.ஸே ஐந்தரை வருடம்தான். செலவழித்த பணம் திரும்பாது, அதை அடுத்த முடிவில் சேர்க்காதே என்று வணிகவியலில் சொல்வார்கள். ஆனால் நாலு வருடம் விட்டுக்கொடுக்கும் சம்பளத்தைச் சேர்த்தே ஆக வேண்டும், அதையும் அதே பாடம்தான் சொல்கிறது.

பணத்தைத் தாண்டி இன்னொன்றும் போகிறது. பிசியோதெரபிஸ்ட் தனியாகப் பலகை மாட்டலாம். பிசிஷியன் அசிஸ்டென்ட் என்ற பெயரிலேயே ஒரு டாக்டர் இருக்கிறார், அவர் இல்லாமல் வேலையே கிடையாது. பதிலுக்குக் கிடைப்பது பரந்த வேலை: இதயம், சிறுநீரகம், அவசர சிகிச்சை என்று துறை மாறிக்கொள்ளலாம்.

மரியாதைக்காகத் தாவுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2025 செப்டம்பரில் பிசியோதெரபிஸ்ட்கள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடக்கூடாது என்று மத்திய சுகாதார இயக்ககம் கடிதம் எழுதி, எதிர்ப்பு வந்ததும் உடனே திரும்பப் பெற்றது. அந்தப் பக்கமும் பெயர்ச் சண்டை குறைவில்லை. அமெரிக்கச் சங்கம் 2021-ல் அசிஸ்டென்ட் என்பதை அசோசியேட் என்று மாற்றிக்கொண்டது. பிரிட்டனில் 2025-ல் வந்த லெங் அறிக்கை, அசோசியேட்டை மறுபடி அசிஸ்டென்ட் ஆக்கச் சொன்னது.

இந்தியாவில் 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் இரண்டையுமே அங்கீகரிக்கிறது, ஆனால் தனித்தனிப் பிரிவுகளில். தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவர்கள் போடும் துணை மருத்துவப் பட்டப்படிப்பு விண்ணப்பத்தில் மட்டும் இரண்டும் ஒரே பட்டியலில் வருகின்றன. பதினேழு வயதில் அங்கே போடும் ஒரு டிக்கை இருபத்தாறு வயதில் மாற்ற நினைத்தால் அதற்கு நான்கு வருடம் ஆகிறது.