மைக் முன்னால் நின்ற பகுதிநேரக்காரர்கள்

1997 ஆகஸ்ட் 4. அமெரிக்காவின் யுபிஎஸ் பார்சல் நிறுவனத்தில் 1,85,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். பார்சல் வராவிட்டால் ஜனங்களுக்குக் கோபம் வரும். அது யார் மேல திரும்பும்? டீம்ஸ்டர்ஸ் சங்கம் இதைப் பல மாதம் முன்னாலேயே யோசிச்சு வைத்திருந்தது. தலைவர் ரான் கேரி ஒரு காலத்தில் யுபிஎஸ் டிரைவர்.

சண்டையில பாதி பென்ஷன் பற்றியது. பல கம்பெனிகள் சேர்ந்த பென்ஷன் நிதியிலிருந்து விலகப் பார்த்தது நிர்வாகம். இதை மைக் முன்னால் அரை நிமிஷத்துல சொல்லிப் பாருங்க, முடியாது! அதனால் சங்கம் முன்னால வைத்தது பகுதிநேர வேலையை. தலைவர்கள் மட்டும் பேசவில்லை. பார்சல் பிரிக்கிறவர்களும் டிரைவர்களும் நிருபர்களிடம் பேசத் தயாராக இருந்தார்கள். அவங்க சொல்ல வேண்டியதும் சொந்தக் கதைதான்: 1982-லிருந்து பகுதிநேர ஆரம்பக் கூலி மணிக்கு 8 டாலர். பெயருக்குப் பகுதிநேரம், ஆனா வாரம் 35 மணிக்கு மேல உழைத்தவர்களும் உண்டு. 'சங்கம் சொல்லிக் கொடுத்த பேச்சு' என்று இதை ஒதுக்குவது கஷ்டம். வீட்டுக்கு வீடு ஒரு பகுதிநேரக்காரர் இருந்த காலம்.

கேலப் கருத்துக்கணிப்பில் சங்கத்தின் பக்கம் 55 சதவீதம், கம்பெனி பக்கம் 27. பதினைந்து நாளில் ஒப்பந்தம்: 10,000 முழுநேர வேலைகள். டி.வி.யில் அதிகம் பேசப்படாத பென்ஷனும் தப்பித்தது.