எந்தச் சாவிக்கும் திறந்த பூட்டு

போன வாரம் மாமல்லபுரத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனின் சைக்கிள் பூட்டு இறுகிக்கொண்டு திறக்க மறுத்தது. கடலோர ஊர் அல்லவா, உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே பொரிந்து உதிர்கிறது, பூட்டு எம்மாத்திரம்? மாப்பிள்ளை சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவரைத் தடுத்து, ஹார்டுவேர் கடையில் துரு இளக்கும் ஸ்பிரே வாங்கிவரச் சொன்னேன். சாவித் துவாரத்தில் அடித்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். பிறகு சாவியைப் போட்டு மெதுவாக முன்னும் பின்னும் அசைத்ததும் "டக்" என்று திறந்துகொண்டது. பேரன், "தாத்தாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டான். சிரித்து மழுப்பிவிட்டேன். அவனுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

1974-ஆம் வருஷம். ஐப்பசி மாதம். நான் சென்னையில் ஓர் ஆபீஸில் கிளார்க். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் ஐந்து மைல் தள்ளி எங்கள் கிராமம். தினமும் விடியற்காலையில் சைக்கிளில் வந்து, ஸ்டேஷன் பக்கத்து ஸ்டாண்டில் போட்டுவிட்டு ரயிலைப் பிடிப்பேன். பச்சை நிற ஹெர்குலஸ். அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் பத்து சைக்கிள் நின்றால் பாதி ஹெர்குலஸாகத்தான் இருக்கும். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் தயாரித்த வண்டிகள் அவை. வண்டி நன்றாக உழைக்கும். பூட்டு மட்டும் நாம் தனியாக வாங்கி மாட்டிக்கொள்வது. நான் மாட்டியிருந்தது, பின்சக்கரத்தைக் குதிரை லாடம் போல வளைத்து நிற்கும் ரிங் பூட்டு. அதில் என்ன பெயர் பொறித்திருந்தது என்று இன்று நினைவில்லை.

அன்று ரயில் தாமதம். கொளவாய் ஏரிப் பக்கமிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்டாண்டில் ஒரே ஒரு பல்பு. என் வண்டி நிற்கும் வரிசையில் கைவைத்தேன், பச்சை ஹெர்குலஸ். சாவியைப் போட்டேன், திறந்தது. பத்துப் பைசாவை அங்கிருந்த பையன் கையில் திணித்துவிட்டு ஏறி மிதித்தேன். "சார், டோக்கன் சார்!" என்று அவன் பின்னால் ஓடிவந்து கத்தினான். பதின்மூன்று வயதுதான் இருக்கும். மழை வலுத்துக்கொண்டிருந்தது. நான் நிற்கவில்லை.

மறுநாள் விடிந்தபின் பார்க்கிறேன், கேரியரில் என்னுடையதல்லாத ஒரு கயிறு. லைசன்ஸ் பில்லையில் வேறு நம்பர். என் சட்டைப்பையில் அட்டை டோக்கன் அப்படியே இருந்தது. அதிலிருந்த எண்ணும் சீட்டின் அடியில் சாக்பீஸால் எழுதியிருந்த எண்ணும் வேறு வேறு.

பதறிக்கொண்டு ஸ்டாண்டுக்கு ஓடினேன். வண்டியின் சொந்தக்காரர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். கடைசி ரயிலில் வந்து வண்டியைக் காணாமல், மழையில் நடந்தே வீடு போயிருக்கிறார். காலையில் போலீஸுக்குப் போகலாமா என்று கேட்க வந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்டதும் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டார். "உம்ம சாவி எப்படி ஐயா என் பூட்டைத் திறந்தது?" என்றுதான் கேட்டார். அவர் சாவியை என் வண்டியில் போட்டுப் பார்த்தோம். திறந்தது. பக்கத்தில் நின்ற வண்டிகளில் ஒவ்வொன்றாகப் போட்டோம். ஏழாவது வண்டியும் திறந்தது. ஸ்டாண்டுக்காரர் ஓடிவந்து எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், சத்தம் போடாதீங்க. வெளியே தெரிஞ்சா எவனும் வண்டி விட மாட்டான்" என்றார். அவருக்கு முன்பே தெரியும்.

அது எப்படி நடந்தது என்று பின்னாளில் ஒரு பூட்டு ரிப்பேர்காரர் எனக்கு விளக்கினார். பூட்டுக்குள் லீவர் என்று சிறு தகடுகள் இருக்கும். சாவியின் பல் ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு விடும். ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் விடாது. 1778-ல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் என்பவர் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. நல்ல பூட்டில் ஐந்தாறு லீவர்கள் இருக்கும். மலிவான சைக்கிள் பூட்டில் ஒன்றோ இரண்டோதான். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: இரண்டு லீவர், ஒவ்வொன்றுக்கும் மூன்று உயரம் என்றால் மொத்தம் ஒன்பது வகைச் சாவிதான் உண்டு. ஸ்டாண்டில் அதே பூட்டுப் போட்ட இருநூறு வண்டி நின்றால், உங்கள் சாவி இருபதுக்கு மேற்பட்ட வண்டிகளைத் திறக்கும்.

இதோடு தேய்மானமும் சேர்ந்துகொள்கிறது. ரிங் பூட்டு திறந்திருக்கும்போது சாவியை உருவ முடியாது. வண்டி ஓடும் நேரமெல்லாம் சாவி துவாரத்திலேயே தொங்கிக்கொண்டு ஆடும். நம் ஊர்ச் சாலையில் தினமும் பத்து மைல் ஆடினால் சாவியின் பல்லும் தேயும், துவாரமும் அகலும். கடைசியில் வேறு சாவியும் ஏற்கும் நிலைக்கு வந்துவிடும். சில நாள் சொந்தச் சாவியே திறக்காமல் மக்கர் பண்ணும்.

பூட்டின் பலவீனத்தை மறைத்து வைப்பது நல்லதா என்ற கேள்வி பழையது. லண்டனில் பிரமா என்ற பூட்டுத் தயாரிப்பாளர், தம் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று 1790-ல் கடை ஜன்னலில் வைத்தார். அறுபது வருஷம் யாராலும் முடியவில்லை. 1851-ல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், பதினாறு நாட்களில் ஐம்பத்தொரு மணி நேரம் உழைத்து அதைத் திறந்துகாட்டினார். ஊரே கொதித்தது, இப்படிப் பகிரங்கமாகச் செய்தால் திருடனுக்குப் பாடம் எடுத்தது போலாகாதா என்று. திருடர்களுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும், தெரியாமலிருப்பது பூட்டு வாங்குகிறவனுக்குத்தான் என்பது ஹாப்ஸின் கட்சி. எங்கள் ஸ்டாண்டிலும் அதே கதைதான்.

2004-ல் அமெரிக்காவில் இன்னொன்று நடந்தது. கிரிப்டோனைட் என்ற பெயர்பெற்ற நிறுவனத்தின் சைக்கிள் பூட்டுகள் சிலவற்றை, சாதாரண பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் கூட்டைச் செருகித் திருகினாலே திறக்கலாம் என்று ஒருவர் படம்பிடித்துக் காட்டினார். விஷயம் ஊரெல்லாம் பரவியதும் நிறுவனம் அந்தப் பூட்டுகளை இலவசமாக மாற்றிக் கொடுத்தது.

எங்கள் ஊரில் பூட்டின் குற்றத்துக்கு விலை கொடுத்தது அந்தப் பையன். டோக்கன் வாங்காமல் வண்டியை விட்டதற்காக முந்தைய இரவே நாலு பேர் முன்னால் அறை வாங்கியிருக்கிறான். வேலையும் போயிற்று. நான் ஸ்டாண்டுக்காரரிடம், "தப்பு என்னுடையது, அவன் கூப்பிட்டான், நான்தான் நிற்கவில்லை" என்றேன். "விடுங்க சார், அவன் மாமல்லபுரம் பக்கம் ஏதோ டீக்கடைக்குப் போயிட்டான்" என்றார். ரயிலுக்கு மணி அடித்தது. நானும் போய்விட்டேன்.

அந்த மாதச் சம்பளத்தில் ஒரு சங்கிலியும் திண்டுக்கல் பூட்டும் வாங்கினேன். திண்டுக்கல்லில் ஆசாரிகள் லீவரையும் சாவியையும் கையால் அராவிப் பொருத்துவார்கள். அதனால் ஒன்றின் சாவி இன்னொன்றில் சேருவது அபூர்வம். 2019-ல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அலிகார் பூட்டுகளின் விலையோடு போட்டி போட முடியாமல் அங்கே பட்டறைகள் குறைந்துவிட்டன. என் பூட்டு இன்னும் வேலை செய்கிறது.

வீட்டில் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். புதுப் பூட்டோடு வரும் இரண்டாவது சாவியைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். தேய்ந்த சாவியைப் பார்த்து நகல் போட்டால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். மார்கழிக் குளிரில் உறையும், மற்ற நாளில் புழுதியைப் பிடித்துக்கொள்ளும். பென்சில் கரியைத் தூளாக்கிச் சாவியில் தடவிப் போட்டால் போதும்.

அடுத்த வருஷம் மாமல்லபுரம் போனபோது, கடற்கரைக் கோயில் பாதையிலும் பஸ் நிற்கும் இடத்திலும் இருந்த டீக்கடைகளில் அவனைத் தேடினேன். "செங்கல்பட்டு ஸ்டாண்டில் இருந்த பையன்" என்று விசாரித்தேன். "பேர் என்ன சார்?" என்று கேட்டார்கள். இரண்டு வருஷம் தினமும் அவனிடம் வண்டி விட்டிருக்கிறேன். ஒரு நாளும் பெயர் கேட்டதில்லை.