கத்தியைக் கீழே போடுங்க, டாக்டர்!

பாரிஸ், 1835. நகரத்தின் மிகப் பெரிய சர்ஜன், படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். பெயர் டுபுய்ட்ரன். நெஞ்சுக்குள் நீர் கோத்துக்கொண்டு மூச்சுத் திணறுகிறது. 'கீறி வடித்துவிடலாமே' என்று மற்ற டாக்டர்கள் கெஞ்சுகிறார்கள். மனுஷன் மசியவில்லை. சர்ஜன் கையால் சாவதைவிடக் கடவுள் கையால் சாவதே மேல் என்று சொல்லிவிட்டதாக ஒரு கதை உண்டு. கதை நிஜமோ இல்லையோ, அந்தக் காலத்துப் பயம் நிஜம். அந்த ஆபரேஷனுக்குப் போனவர்களில் பிழைத்து வந்தவர்கள் குறைவு. அது டுபுய்ட்ரனுக்குத் தெரியாதா என்ன? பிப்ரவரியில் இறந்துபோனார்.

ஏன் அப்படி? சீழ் கோத்தால் கீறி வெளியேற்ற வேண்டும். கைக்கட்டிக்கு அதுதானே வைத்தியம்? நெஞ்சுக்கு மட்டும் ஏன் அது எமனாகிறது?

ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். இரண்டு கண்ணாடித் துண்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒட்டுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஜோராக வழுக்கும். ஆனால் பிரிக்கப் பாருங்கள்... லேசில் வராது!

உங்கள் நெஞ்சுக்குள் நடப்பது ஏறக்குறைய இதுதான். நுரையீரலைப் போர்த்தியபடி ஒரு மெல்லிய சவ்வு. விலா எலும்புகளின் உட்பக்கத்தை ஒட்டி இன்னொரு சவ்வு. உண்மையில் இரண்டும் ஒரே பையின் இரண்டு மடிப்புகள். பெயர் ப்ளூரா. நடுவில் ஓரிரு ஸ்பூன் நீர், அவ்வளவுதான். இதே ஜாதிப் பை இதயத்தைச் சுற்றியும் உண்டு: பெரிகார்டியம். வயிற்றுக்குள் குடலைப் போர்த்தியிருப்பது பெரிட்டோனியம். இதயம் துடிக்கவும் குடல் நெளியவும் உரசல் இல்லாமல் பார்த்துக்கொள்கிற சவ்வுகள் இவை. பிஷா என்ற பிரெஞ்சுக்காரர் 1800-ல் உடம்பின் சவ்வுகளைப் பற்றி மட்டுமே ஒரு புத்தகம் எழுதி, இவற்றைத் தனிக் குடும்பமாகப் பிரித்துக் காட்டினார். மைக்ராஸ்கோப்பை நம்பாதவர். எல்லாம் வெறும் கண்ணால் பார்த்தது! 1802-ல் இறந்தபோது அவருக்கு வயது 30.

ப்ளூராவுக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை. நுரையீரலுக்குத் தானாக விரியத் தெரியாது. நெஞ்சுக்கூடு விரியும்போது, அதோடு ஒட்டியிருப்பதால் அதுவும் விரிகிறது. ஒட்டவைத்திருப்பது அந்த மெல்லிய நீரும், பைக்குள் இருக்கும் குறைந்த அழுத்தமும். வெளியிலிருந்து ஓட்டை போட்டால்? காற்று உஸ்ஸென்று உள்ளே பாயும். ஒட்டு விட்டுப்போகும். நுரையீரல், காற்றிறங்கிய பலூன் மாதிரி சுருங்கிவிடும்.

இனி 1917-க்கு வாருங்கள். அமெரிக்கா முதல் உலகப் போரில் குதித்த வருடம். ஊர் ஊராக ராணுவ முகாம்கள். கிராமத்துப் பையன்களைக் கொண்டுவந்து அடைத்தார்கள். முதலில் தட்டம்மை பரவியது. அதன் பின்னாலேயே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் நிமோனியா. அதன் பின்னாலேயே ப்ளூராவுக்குள் சீழ். எம்பைமா என்பார்கள்.

ராணுவ டாக்டர்கள் பாடப்புத்தகப்படி நடந்தார்கள். சீழ் தெரிந்ததா? உடனே விலா எலும்பில் ஒரு துண்டை வெட்டு, நெஞ்சைத் திற, வடி. பையன்கள் செத்தார்கள். முகாம்களில் சராசரியாக 100-க்கு 30 பேர். சில இடங்களில் அதற்கும் மேலே. போர்முனையைக் கண்ணால்கூடப் பார்க்காத பிள்ளைகள்!

1918-ல் இதை ஆராய எம்பைமா கமிஷன் என்று ஒரு குழுவைப் போட்டது ராணுவம். அதில் ஒருவர் இவார்ட்ஸ் கிரஹாம். இளம் கேப்டன். வேதியியலும் படித்தவர். வர்ஜீனியாவில் லீ முகாமில் வேலை நடந்தது.

கிரஹாம் ஒரு எளிய கேள்வி கேட்டார். மற்ற நாட்களில் இதே ஆபரேஷனில் பலர் பிழைக்கிறார்களே, இந்தப் பையன்கள் மட்டும் ஏன் சாகிறார்கள்?

பதில் சீழிலேயே இருந்தது. வழக்கமான எம்பைமா நிதானமாக வரும். நிமோனியா அடங்கிய பிறகு சீழ் கெட்டியாகும். அதற்குள் சவ்வுகள் அங்கங்கே ஒட்டிக்கொண்டு நுரையீரலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்போது திறந்தால் ஆபத்து குறைவு. முகாமில் வந்ததோ அவசரக்காரன். நிமோனியா உச்சத்தில் இருக்கும்போதே தண்ணீர் போன்ற சீழ். எதுவும் ஒட்டியிருக்கவில்லை. திறந்ததும் நுரையீரல் சுருங்கியது.

'சரி, ஒரு பக்கம்தானே? இன்னொரு நுரையீரல் இருக்கிறதே' என்பீர்கள். டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். கிரஹாமும் ரிச்சர்ட் பெல்லும் நாய்களை வைத்துச் சோதித்தார்கள். இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே இருப்பது சுவர் அல்ல, திரைச்சீலை! ஒரு பக்கம் காற்று புகுந்தால் அது மறுபக்கம் சாய்ந்து அந்த நுரையீரலையும் அழுத்துகிறது. ஏற்கெனவே நிமோனியாவில் தத்தளிப்பவன் என்ன செய்வான் பாவம்?

கமிஷன் சொன்ன யோசனை: ஆரம்பத்தில் நெஞ்சைத் திறக்காதீர்கள். ஊசி போட்டுச் சீழை உறிஞ்சுங்கள், அல்லது காற்று புகாத குழாய் வழியாக வடியுங்கள். நல்ல சாப்பாடு கொடுங்கள். திறந்தே ஆக வேண்டுமென்றால் நிமோனியா அடங்கும் வரை பொறுங்கள். லீ முகாமில் சாவு 100-க்கு 5-க்கும் கீழே வந்தது. புது மருந்து எதுவும் இல்லை. ஆன்டிபயாடிக் அப்போது பிறக்கவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இதில் பாதி பழைய சங்கதி. சீழை மொத்தமாகத் திறந்துவிட்டால் ஆள் போய்விடுவான், கொஞ்சம் கொஞ்சமாக வடியுங்கள் என்று 2,400 வருடங்களுக்கு முன்பே ஹிப்போகிராட்டஸ் பெயரால் வழங்கும் நூல்களில் இருக்கிறது. ஜெர்மனியில் ப்யூலாவ் என்ற டாக்டர் 1875-லேயே குழாயின் மறுமுனையைத் திரவத்தில் மூழ்கவைத்து வடித்தார். உள்ளிருப்பது வெளியே வரும், வெளிக்காற்று உள்ளே போகாது. பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெட்டுவதுதான் வைத்தியம் என்று தோன்றியது. காத்திருப்பது கோழைத்தனமாகத் தோன்றியது.

கிரஹாம் காத்திருக்கவும் கற்றவர், வெட்டவும் துணிந்தவர். 1933-ல் புற்றுநோய் வந்த ஒருவரின் முழு நுரையீரலையும் ஒரே ஆபரேஷனில் எடுத்தார். காலியான இடம் ஆபத்து என்று தெரிந்தவர் ஆயிற்றே? விலா எலும்புகள் சிலவற்றையும் நீக்கி, நெஞ்சுச் சுவரையே உள்ளே இறங்கவைத்தார். நோயாளி அதற்குப் பிறகு முப்பது வருடம் இருந்தார்!

இன்றைக்கு ஸ்கேன் இருக்கிறது, ஆன்டிபயாடிக் இருக்கிறது. நம் நாட்டில் ப்ளூராவில் நீர் கோப்பதற்கு முக்கியக் காரணமான காசநோய்க்கும் மருந்து இருக்கிறது. ஆனாலும் ஆஸ்பத்திரி வார்டில் யாரையாவது பார்க்கப் போனால் கவனியுங்கள். கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டில், பாதி தண்ணீர். நோயாளியின் நெஞ்சிலிருந்து வரும் குழாயின் நுனி அதில் மூழ்கியிருக்கும். அவர் இருமும்போது குபுகுபுவென்று குமிழி வரும்.

அந்தப் பாட்டிலைக் காலால் இடறிவிடாதீர்கள். அந்தத் தண்ணீர்தான் அங்கே வாசல் காக்கிறது.