தைமஸும் தன்னெதிர்ப்பு நோயும்

தைமஸ்: மார்பெலும்பின் பின்னே, இதயத்தின் மேற்பகுதியை ஒட்டி அமைந்த நிணநீர் உறுப்பு. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் முன்னோடிச் செல்கள் இங்கே டி செல்களாக முதிர்கின்றன. இன்டர்லூக்கின்-7 என்னும் வளர்ச்சிக் காரணி அவற்றைப் பிழைத்துப் பெருகச் செய்கிறது. உடலின் சொந்தப் புரதங்களைத் தாக்கக்கூடியவை பெரும்பாலும் இங்கேயே அழிக்கப்படுகின்றன. நோயெதிர்ப்பில் தைமஸின் பங்கை ஜாக் மில்லர் 1961-இல் வெளிப்படுத்தினார்.

இளவயதில் தொடங்கும் மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோயில் இந்த ஒழுங்கு குலைகிறது. எதிர்ப்பொருள்களை உருவாக்கும் பி செல்களை ஈர்க்கும் சிஎக்ஸ்சிஎல்13, அவற்றை வாழவைக்கும் பாஃப் ஆகிய புரதங்கள் தைமஸில் மிகுந்து, பி செல்கள் பெருகும் முளை மையங்கள் தோன்றுகின்றன. அங்கு உருவாகும் எதிர்ப்பொருள்கள் நரம்பும் தசையும் சந்திக்குமிடத்தில் அசிட்டைல்கோலின் ஏற்பிகளைத் தாக்குவதால் இமை சரிகிறது. பேச்சும் விழுங்குதலும் தளர்கின்றன. தைமஸை அகற்றுவது, அதில் கட்டி இல்லாதோருக்கும் பலன் தருவதை 2016-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு நிறுவியது.