ஜோடிப் பொருத்தம்

கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் மெமரி கூட்டலாம் என்று கடைக்குப் போகிறீர்கள். ஏற்கெனவே எட்டு ஜிபியில் ஒரு ஸ்டிக் இருக்கிறது. இன்னொன்று வேண்டும். அவ்வளவுதான் விஷயம். கடைக்காரர் விடமாட்டார். "உள்ள இருக்கறது என்ன கம்பெனி சார், என்ன ஸ்பீடு? பேசாம ரெண்டா ஒரு செட்டு வாங்கிடுங்களேன்!"

ஜாதகம் பார்க்கிற தோரணை. பி.காம். படித்தவனுக்கு, ஒன்று கேட்டால் இரண்டு வாங்கச் சொல்கிறவர்மீது முதலில் சந்தேகம்தான் வரும். எனக்கும் வந்தது. ஆனால் தோண்டிப் பார்த்தால் இது கடைக்காரர் கண்டுபிடித்த தந்திரமல்ல. உலகின் மிகப்பெரிய சிப் கம்பெனி ஒன்று, இந்த ஜோடி விவகாரத்தில் சறுக்கி விழுந்த கதை அது.

ஆதியில் மெமரி சிப்புகளை மதர்போர்டில் ஒவ்வொன்றாகச் செருகவேண்டும். கால் வளைந்தால் போச்சு. 1983-ல் அமெரிக்காவின் வாங் லேபரட்டரீஸ் இதற்கு வழி கண்டது. ஒன்பது சிப்புகளை ஒரு குட்டிப் பலகையில் வரிசையாக உட்காரவைத்து, அதை அப்படியே செருகச் சொன்னார்கள். பெயர், சிம். செல்போன் சிம் அல்ல. இது வேறு, அதற்கு மூத்தது.

ஒரு சிம், ஒரு நேரத்தில் எட்டு பிட் தகவலைத் தரும். 486 பிராசஸருக்கோ ஒரே வாயில் முப்பத்திரண்டு பிட் வேண்டும். ஆகவே நாலு சிம். பல்லக்குத் தூக்க நாலு பேர் மாதிரி. மூன்று பேர் வந்தால் பல்லக்கு நகராது. மூன்று பேர் ஓடி ஒருவர் மட்டும் நடந்தால், நடக்கிறவர் வேகம்தான் பல்லக்கின் வேகம்.

பிறகு முப்பத்திரண்டு பிட் சிம் வந்தது. ஒன்றே போதும் என்று மூச்சு விடுவதற்குள், 1993-ல் பெண்டியம் வந்து அறுபத்துநாலு கேட்டது. மறுபடி ஜோடி! தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அறுபத்துநாலு பிட் அகலத்தில் டிம் பரவலான பிறகுதான் ஜனங்களுக்கு விடுதலை. ஒன்று வாங்கு, ஒன்றைப் போடு, வேலையைப் பார்.

இங்கேதான் இன்டெல் நுழைகிறது.

ராம்பஸ் என்று ஒரு கம்பெனி. 1990-ல் தொடங்கியது. சிப் எதையும் தயாரிக்காது. வடிவமைத்துக் கொடுக்கும். தயாரிக்கிறவர்கள் ராயல்டி கட்டவேண்டும். இவர்களது மெமரி மற்றதைவிட மிக வேகமானது. எதிர்காலம் இதுதான் என்று முடிவு செய்து, 1996-ல் இன்டெல் கைகோத்தது. ராயல்டி கட்டவேண்டிய மெமரி தயாரிப்பாளர்கள் முகம் சுளித்தார்கள். இன்டெல் கண்டுகொள்ளவில்லை.

முதல் அடி 1999-ல். ராம்பஸுக்கென்றே செய்த 820 சிப்செட், வெளியாகும் நேரத்தில் மூன்று ஸ்லாட் போர்டுகளில் பிழை காட்டியது. தள்ளிப்போட்டு, இரண்டு ஸ்லாட்டோடு கொண்டுவந்தார்கள். விலையோ யானை விலை. சரி, இதிலேயே பழைய, மலிவான மெமரியும் வேலை செய்யட்டும் என்று நடுவே மொழிபெயர்ப்பாளர்போல ஒரு சிப்பை வைத்தார்கள். அதிலும் கோளாறு. 2000 மே மாதம், விற்ற போர்டுகளை மாற்றித் தருகிறோம் என்று அறிவிக்கவேண்டியதாகிவிட்டது.

அந்த ஆண்டு நவம்பரில் பெண்டியம் 4 வந்தது. அது நொடிக்கு 3.2 ஜிபி தகவல் விழுங்கும். ராம்பஸ் ஸ்டிக் ஒன்று தருவது 1.6. ஆக, இரண்டு கட்டாயம். கணக்கு சரிதான். ஆனால் கூத்து அதோடு முடியவில்லை. சிக்னல் ஒவ்வொரு ஸ்லாட்டாகப் புகுந்து வெளியே வரும் ஏற்பாடு என்பதால், எந்த ஸ்லாட்டும் காலியாக இருக்கக்கூடாது. மெமரி போடாத ஸ்லாட்டில், சிப்பே இல்லாத டம்மி ஸ்டிக் ஒன்றைச் செருகவேண்டும். காலி நாற்காலிக்கும் டிக்கெட்!

மக்கள் வாங்கத் தயங்கினார்கள். பெட்டியில் வரும் ஒவ்வொரு பெண்டியம் 4-உடனும் இரண்டு ராம்பஸ் ஸ்டிக்குகளை இன்டெல் சேர்த்தே விற்றுப் பார்த்தது. ம்ஹும். எதிரில் ஏ.எம்.டி., டிடிஆர் என்கிற மலிவான மெமரியோடு கடை விரித்துவிட்டது. 2001-ல் இன்டெல் பழைய மெமரிக்கே திரும்பியது. அடுத்த ஆண்டு டிடிஆர்.

தயாரிப்பாளர்கள் கூடிச் சதி செய்துதான் தன்னைக் கவிழ்த்தார்கள் என்று ராம்பஸ் வழக்குப் போட்டது. 2011-ல் கலிஃபோர்னிய ஜூரிகள் அதை ஏற்கவில்லை. அதற்காக அந்தத் தயாரிப்பாளர்களெல்லாம் உத்தமர்கள் என்று அர்த்தமில்லை. 1999 முதல் 2002 வரை கூடிப்பேசி மெமரி விலையை நிர்ணயித்த குற்றத்துக்காக, 2005-ல் சாம்சங் மட்டுமே முப்பது கோடி டாலர் அபராதத்துக்குச் சம்மதித்தது. இரு தரப்புக்கும் நடுவே பர்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது யார்? நீங்களும் நானும்.

வேடிக்கை இனிமேல்தான். 2003-ல் இன்டெல் தன் புதிய சிப்செட்டோடு மீண்டும் வந்து, ஜோடியாகப் போடுங்கள் என்றது. ஆளுக்கு 3.2 வீதம் இரண்டு டிடிஆர் ஸ்டிக், மொத்தம் நொடிக்கு 6.4 ஜிபி. டூயல் சானல் என்று பெயர். இந்தமுறை யாரும் முணுமுணுக்கவில்லை. ஏன்? ஒன்றே ஒன்று போட்டாலும் கம்ப்யூட்டர் ஓடும். வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஜோடி என்பது கட்டளையாக இல்லை. வசதியாக இருந்தது.

இன்றுவரை அதே ஏற்பாடுதான். ஆகவே கடைக்காரர் சொல்வதில் பாதி நியாயம். ஒரே அளவு, ஒரே வேகம், ஒரே செட் என்றால் உத்தமம். வேகம் வேறுபட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில் நடக்கும். பல்லக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 நுழையவே நுழையாது. இந்த இரண்டும் தெரிந்தால் போதும்.

மீதிப் பாதியை உங்கள் பர்ஸ் தீர்மானிக்கட்டும். இன்டெல்லாலேயே அதை மீற முடியவில்லை.