கைக்கும் மோட்டாருக்கும் நடுவில்

ரேஸிங் சிமுலேட்டருக்கு ஸ்டீயரிங் வாங்கப் போனால் எல்லோரும் பார்ப்பது நியூட்டன் மீட்டர் கணக்கைத்தான். நம்பர் பெரிசா இருந்தா நல்லதுன்னு நினைச்சுடுவோம். இதன் வரலாறு வேற மாதிரி சொல்லுது.

1989-ல் அட்டாரியின் 'ஹார்ட் டிரைவின்' ஆர்கேட் இயந்திரத்திலேயே மோட்டார் வைத்த ஸ்டீயரிங் உண்டு. கிளட்ச், சாவி எல்லாம்கூட. 1998-ல் மைக்ரோசாஃப்ட் சைட்வைண்டர் அதை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. 2006-ல் லாஜிடெக் ஜி25: 900 டிகிரி சுற்று, இரண்டு மோட்டார், பல்சக்கரம்.

எதற்கு இந்த விசை? நிஜக் காரில் திருப்பிய முன்சக்கரம் தானாக நேராகப் பார்க்கும். கையில் கனமாகத் தெரிவது அந்த இழுப்பு. டயரின் பிடிமானம் உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே அது குறைய ஆரம்பிக்கும். கை லேசாகுதுன்னா வழுக்கப் போகுதுன்னு அர்த்தம். திரையில் இது தெரியாது. பற்களுக்கு இடையே இருக்கும் ஆட்டத்தில் பல்சக்கரம் விழுங்குவது இந்தச் சின்னச் செய்தியைத்தான். பெல்ட் வந்து ஆட்டத்தைக் குறைத்தது. டைரக்ட் டிரைவில் மோட்டார் தண்டிலேயே ஸ்டீயரிங், நடுவில் ஒன்றுமில்லை. 2021-ல் ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி 5 நியூட்டன் மீட்டரில் வந்தபோதுதான் அதன் விலையும் இறங்கியது.

என்னைக் கேட்டால் அந்த 5 போதும். 12, 15-ன்னு போனா மேசை ஆடும் (அப்புறம் இரும்பு ஸ்டாண்டு, அது தனிச் செலவு). மிச்சப் பணத்தை லோட் செல் பிரேக் பெடலில் போடுங்க. பட்ஜெட் இடிக்குதா, பழைய ஜி29 மோசமில்லை. கேமில் விசை அளவை மட்டும் குறைச்சு வைங்க. இல்லேன்னா மோட்டார் தன் எல்லையில் முட்டி, எல்லா வளைவும் ஒரே கனமாத் தெரியும்.